இந்த ஷண்டிங் இன்ஜின் எந்த மாடல்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகள் குடும்பத்தோடு சில மாதங்களாக அமெரிக்காவில், ராச்செஸ்டருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். நடந்து போகிற தூரத்தில் மூடிக்கிடக்கும் தானிய மில் ஒன்று உண்டு. அதன் பக்கத்துத் தண்டவாளத்தில் பழைய டீசல் இன்ஜின் நிற்கிறது. பக்கத்துக்கு நான்காக எட்டுச் சக்கரம். ஒரு கோடியில் டிரைவர் அறை, அதற்கு முன்னால் நீளமான பெட்டி. நம்பரும் இல்லை, பெயர்த் தகடும் இல்லை, தகடு இருந்த இடத்தில் திருகுத் துளைகள் மட்டும் தெரிகின்றன. மேலே பச்சைப் பெயின்ட், உரிந்த இடத்தில் கறுப்பு. மில்லைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இது இ.எம்.டி வண்டி என்கிறார். என் பேரன் தேடியதில் கிடைத்தவை: பிரேக் பாகத்தில் வெஸ்டிங்ஹவுஸ், அடியில் மோட்டாரில் ஜெனரல் எலக்ட்ரிக், ஒரு சக்கரத்தில் 1952. எந்தக் கம்பெனி, என்ன மாடல், யாரிடமிருந்து இங்கே வந்திருக்கும்? படங்கள் அனுப்பியிருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளை, தினமும் ‘பதில் வந்ததா’ என்று கேட்கிறான்.
— காரைக்குடி வாசகி, தற்போது அமெரிக்காவில்

பதில்: அம்மா, படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. வண்டியின் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓடிவிடாமல், இரண்டு பக்கவாட்டையும், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்களான போகிகளையும், மேலே இருக்கும் புகைபோக்கியையும் உங்கள் பேரன் தனித்தனியாக எடுத்திருக்கிறான். அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இது ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஷண்டிங் வண்டி, அதாவது யார்டில் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் இன்ஜின். மாடல் எஸ்-2. ஆயிரம் குதிரைத்திறன். 1940க்கும் 1950க்கும் இடையில், நீங்கள் இருக்கிற அதே நியூயார்க் மாநிலத்தில், ஷெனெக்டடி என்ற ஊரில் கட்டியது.

எப்படி என்று பிள்ளை கேட்பான். அவன் கண்டுபிடித்த பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். பழைய இன்ஜினைப் பார்க்கிற எல்லோரையும் முதலில் திசைதிருப்புவது அந்தப் பெயர்கள்தான். வெஸ்டிங்ஹவுஸ் என்பது ஏர் பிரேக் செய்த கம்பெனி. டயரில் உள்ள பெயரைப் பார்த்து கார் கம்பெனியைச் சொல்ல முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். அமெரிக்காவில் யார் கட்டிய இன்ஜினாக இருந்தாலும் பிரேக் பாகங்களில் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அச்சுப்பெட்டி மூடிகளிலும் போகி வார்ப்பிலும்கூட ஏதாவது ஒரு பெயர் புடைத்து நிற்கும். அவை வார்ப்படசாலைகளின் பெயர்கள். அவற்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

சக்கரத்தில் உள்ள 1952 அந்தச் சக்கரத்தின் வயது. யார்டு வண்டியின் சக்கரம் ஓயாமல் பிரேக் பிடித்துத் தேயும். கடைசலில் கொடுத்துச் சீர்செய்வார்கள், அளவுக்கு மேல் தேய்ந்ததும் கழற்றிவிட்டு வேறு போடுவார்கள். நான் வேலை பார்த்த திருச்சி பொன்மலை டீசல் ஷெட்டில் ஒரே லோகோவின் ஆறு ஆக்ஸில்களில் ஆறு வெவ்வேறு தேதிகளைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் தேதியை வைத்து லோகோவுக்கு வயது சொல்லவே கூடாது.

ஆனால் மோட்டாரில் உள்ள ஜெனரல் எலக்ட்ரிக் என்ற பெயர் மற்ற இரண்டையும் போல அல்ல. அதில் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க யார்டு இன்ஜின்களை முக்கியமாக மூன்று பேர் கட்டினார்கள். ஷெனெக்டடியில் ஆல்கோ, பிலடெல்ஃபியா பக்கம் பால்ட்வின், இல்லினாய் மாநிலம் லா கிரேஞ்சில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான இ.எம்.டி. இ.எம்.டி 1930களின் கடைசியிலிருந்து தன் மோட்டார்களைத் தானே செய்துகொண்டது. பால்ட்வின் மின்சாமான்களை வெஸ்டிங்ஹவுஸிடம் வாங்கியது. ஆல்கோவுக்குப் பக்கத்துச் சுவர்க்காரர் ஜெனரல் எலக்ட்ரிக். இரண்டு தொழிற்சாலையும் ஷெனெக்டடியில்தான். 1940 முதல் 1953 வரை இரு கம்பெனிகளும் கூட்டாகவே வண்டிகளை விற்றன, பெயர்த் தகட்டில் இரண்டு பெயரும் இருக்கும். ஆகவே ஜி.இ. மோட்டாரைப் பார்த்ததுமே என் மனம் ஆல்கோ பக்கம் சாய்ந்தது. மோட்டாரையும் மாற்றியிருக்கலாம் என்பதால் அதோடு நிறுத்தவில்லை.

அடுத்து முகம். மில் பெரியவர் சொன்ன இ.எம்.டி யார்டு வண்டிக்கு ரேடியேட்டரின் கிரில் மூக்கிலேயே, முன்பக்கம் முழுக்க இருக்கும். உங்கள் வண்டியின் மூக்கு வெறும் தகடு, அதில் ஹெட்லைட். ரேடியேட்டர் ஷட்டர்கள் பெட்டியின் இரண்டு பக்கவாட்டிலும், முன்கோடியை ஒட்டி இருக்கின்றன. இது ஆல்கோ எஸ் வரிசையின் அடையாளம். இதே ஆயிரம் குதிரைத்திறனில் இ.எம்.டி விற்ற என்.டபிள்யூ-2 வண்டிக்குப் புகைபோக்கி இரண்டு. உங்களுடையதற்கு ஒன்றுதான்.

இனி ஆல்கோவுக்குள் எந்த எஸ் என்று பார்க்கவேண்டும். இந்த இடம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் படத்தில் எல்லாமே இருக்கிறது. எஸ்-1, எஸ்-2, எஸ்-3, எஸ்-4 நான்கும் தூரத்திலிருந்து ஒரே வண்டி மாதிரிதான் தெரியும். ஒற்றைப்படை எண் உள்ளவை 660 குதிரைத்திறன், இரட்டைப்படை எண் உள்ளவை 1,000. நான்கிலும் உள்ளே இருப்பது 539 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜின்தான். 1,000 குதிரைத்திறன் வண்டியில் அதற்கு டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, சேர்த்திருப்பார்கள். டர்போ சேர்ந்தால் புகைபோக்கி பருமனாகும். திறன் கூடினால் சூடும் கூடும், ரேடியேட்டர் பெரிதாகும். 660 வண்டியின் பக்கவாட்டு ஷட்டர் அகலத்தைவிட உயரம் கூடியது, புகைபோக்கியும் ஒல்லி. உங்கள் பேரன் எடுத்த படத்தில் ஷட்டர் உயரத்தைவிட அகலமாக இருக்கிறது, புகைபோக்கியும் தடித்திருக்கிறது. ஆகவே எஸ்-2 அல்லது எஸ்-4.

இந்த இரண்டையும் பிரிப்பது போகி. எஸ்-1, எஸ்-2 வண்டிகளுக்கு ஆல்கோவின் பொறியாளர் ஜேம்ஸ் பிளன்ட் வடிவமைத்த போகி. அவர் பெயராலேயே அதைப் பிளன்ட் போகி என்பார்கள். மோசமான யார்டுத் தண்டவாளத்திலும் தடம் புரளாமல் வளைந்து கொடுத்துப் போகும் என்று பெயர் வாங்கியது. ஆல்கோவைத் தவிர வேறு எந்த அமெரிக்கக் கம்பெனியின் யார்டு இன்ஜினிலும் அதைப் பார்க்க முடியாது. 1949, 1950 வாக்கில் வந்த எஸ்-3, எஸ்-4 வண்டிகளில் அதை விட்டுவிட்டு, மற்றக் கம்பெனிகளும் போட்டுவந்த பொதுவான ஏ வகைப் போகிக்கு மாறினார்கள். உங்கள் படத்தில் முன், பின் இரண்டும் பிளன்ட் போகி. சந்தேகமில்லாமல் எஸ்-2.

மில் பெரியவரை மறுத்துப் பேச வேண்டாம். அவர் வண்டி ஓடியதைப் பார்த்தவர், நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். இழுக்கத் தொடங்கும்போது குபுகுபுவெனக் கரும்புகை தள்ளுமா என்று மட்டும் அவரைக் கேளுங்கள். தள்ளும் என்பார். டிரைவர் நாட்ச், அதாவது திறனைக் கூட்டும் கைப்பிடியின் படியை, ஏற்றியதும் டீசல் உடனே உள்ளே போய்விடும், டர்போ சுற்றெடுத்துத் தேவையான காற்றைத் தள்ளச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எரியாத டீசல்தான் புகையாக வருகிறது. ஆல்கோவின் பிறவிக்குணம் அது. நம் ஊரில் டபிள்யூ.டி.எம்-2 என்ற டீசல் ரயில் இன்ஜின்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது பிளாட்ஃபாரத்தையே கறுப்பாக்கியது நினைவிருக்கும். அந்த வண்டியும் ஆல்கோ வடிவம்தான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், அம்மா. எனக்குச் சோறு போட்ட கம்பெனியின் கதை இது. ஷெனெக்டடியில் 1848லேயே நீராவி இன்ஜின் கட்டத் தொடங்கிவிட்டார்கள். 1901ல் பல இன்ஜின் கம்பெனிகள் ஒன்றாகி அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, அதாவது ஆல்கோ ஆனது. டீசல் இன்ஜினுக்கு 1929ல் மெக்கின்டாஷ் அண்ட் சீமோர் என்ற கம்பெனியை வாங்கினார்கள். அது இருந்த ஊர் ஆபர்ன். உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஷெனெக்டடிக்குக் காரில் போனால் வழியில்தான் வரும். 539 இன்ஜின் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. சிலிண்டர் விட்டம் பன்னிரண்டரை அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், பதின்மூன்று அங்குலம். நிமிடத்துக்கு 740 சுற்று, அதற்கு மேல் போகாது. பெரிய உடம்பு, மெதுவான நடை.

நாங்கள் பொன்மலையில் பார்த்தது அதற்கு அடுத்த தலைமுறை, 251. சிலிண்டர் விட்டம் ஒன்பது அங்குலம், ஸ்ட்ரோக் பத்தரை. சுற்று ஆயிரம். இந்திய ரயில்வே ஆல்கோவிடம் வண்டிகளை வாங்கியதோடு நிற்காமல் கட்டும் உரிமையையும் வாங்கியது. வாரணாசியில் அதற்கென்றே தொழிற்சாலை எழுந்தது. 1964ல் முதல் வண்டி வெளியே வந்தது. பதினாறு சிலிண்டர் போட்டால் 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்-2. அதே 251ல் ஆறு சிலிண்டரை வரிசையாக நிறுத்தினால் நம் யார்டுகளில் நிற்கும் டபிள்யூ.டி.எஸ்-6 ஷண்டிங் லோகோ, 1,350 குதிரைத்திறன். உங்கள் பேரன் பார்த்த எஸ்-2வும் ஆறு சிலிண்டர்தான். உடம்பில் பெரியது, திறனில் சிறியது. இருபது, முப்பது வருடத்தில் டீசல் தொழில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது இந்த இரண்டு வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஆல்கோ 1969ல் இன்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. வாரணாசியில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் 251 பிறந்துகொண்டே இருந்தது. ஷெனெக்டடியில் மூடிய பட்டறையின் கைவேலை காவிரிக்கரையில் என் கைக்கு வந்து சேர்ந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

சரி, யாரிடமிருந்து வந்தது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எஸ்-2 மொத்தம் 1,500 வண்டிகளுக்கு மேல் கட்டினார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் மட்டும் நியூயார்க் சென்ட்ரல், ஈரி, லீஹை வேலி, லாக்கவானா, டெலவேர் அண்ட் ஹட்சன் எல்லாமே அதை வாங்கின. கறுப்புப் பெயின்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, யார்டு வண்டிக்குக் கறுப்படிப்பது அங்கே சர்வசாதாரணம். மாடல் கண்ணுக்குத் தெரியும், பூர்வீகத்தைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும்.

தோண்டவேண்டியது முதலில் கட்டுமான எண்ணை. ஆல்கோ ஒவ்வொரு வண்டிக்கும் தனி எண் கொடுத்தது, அந்தக் காலத்து வண்டிகளுக்கு ஐந்து இலக்கம். தகடு போய்விட்டாலும் அந்த எண் வேறு இடங்களில் இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். மில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வீட்டுப் பெரியவர்கள் யாராவது கூட நிற்க, அடிச்சட்டத்தின் விளிம்புகளை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஆல்கோ கட்டிய வண்டிகளின் எண், தேதி, வாங்கிய ரயில்வே எல்லாவற்றையும் ரயில் ஆர்வலர்கள் பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இன்ஜின் பிளாக்கிலும் ஓர் எண் இருக்கும். அது இன்ஜினுடையது, வண்டியுடையது அல்ல. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்கட்டும்.

இன்னொரு தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்து அமெரிக்க ரயில்வேக்கள் இன்ஜினைப் பெரும்பாலும் கடனில் வாங்கும். கடன் தீரும்வரை வண்டி வங்கியின் பொறுப்பில் ஒரு டிரஸ்ட்டுக்குச் சொந்தம். அதை ஊரறியச் சொல்ல வண்டியின் பக்கவாட்டில் சின்னத் தகடு அடிப்பார்கள், அதில் ரயில்வேயின் பெயரும் இருக்கும். கடன் தீர்ந்ததும் சில ஷெட்டுகளில் கழற்றுவார்கள், பல இடங்களில் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பச்சைக்கு அடியில் செவ்வகமாக ஏதாவது புடைப்புத் தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவர் அறையின் பக்கச்சுவரிலும் அதே டார்ச் வித்தையைச் செய்யலாம். முன்பு எழுதியிருந்த எண், எழுத்தின் விளிம்பு பல அடுக்குப் பெயின்டைத் தாண்டியும் மேடாகத் தெரியும். சாயங்காலச் சாய்வெயில் அதற்கு ரொம்ப நல்லது. மணல்தாளால் தேய்க்க வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உள்ளே போக அனுமதி கிடைத்தால் டிரைவர் அறைச் சுவரில் அரசாங்க ஆய்வு அட்டை செருகி வைத்திருக்கிற சட்டத்தைப் பார்க்கட்டும். கடைசியாக ஓட்டிய முதலாளியின் பெயரும் வண்டி எண்ணும் அதில் இருக்கும்.

தேதி தெரிந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். 1942 முதல் போர்க்கால உற்பத்திக் குழு யார் என்ன கட்டவேண்டும் என்று பிரித்துக் கொடுத்தது. இ.எம்.டிக்கு நெடுந்தூரச் சரக்கு இன்ஜின், ஆல்கோவுக்கும் பால்ட்வினுக்கும் பெரும்பாலும் யார்டு இன்ஜின். உங்கள் வண்டி 1943, 44 என்று வந்தால் அது ராணுவச் சரக்கைப் பிரித்து அடுக்கப் பிறந்த வண்டி. 1949 என்று வந்தால், நீராவியை ஒழித்துக்கட்டும் அவசரத்தில் ரயில்வே வாங்கிய வண்டி. இரண்டும் ஒரே மாடல்தான், வாழ்க்கை வேறு.

ராச்செஸ்டருக்குத் தெற்கே ரஷ் என்ற ஊரில் ராச்செஸ்டர் அண்ட் ஜெனசி வேலி ரயில்ரோடு மியூசியம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தான். பழைய வண்டிகளைத் தாங்களே பழுதுபார்த்து ஓட்டுகிற தன்னார்வலர்கள் அங்கே இருக்கிறார்கள். பேரனைக் கூட்டிப்போய்ப் படங்களைக் காட்டுங்கள். மில் கைமாறினால் முதலில் வருவது பழைய இரும்பு வியாபாரியாகத்தான் இருக்கும், ஆகவே எண்களைக் குறிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க ரயில் படம் ஒன்றில், நடுவில் டிரைவர் அறையும் இரு பக்கமும் சின்னச் சின்னப் பெட்டிகளுமாக ஒரு குட்டி இன்ஜினைப் பார்த்தேன். கீழே 44 டன் ஜி.இ. என்று போட்டிருந்தது. ஏன் 45 இல்லை, 50 இல்லை? நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?
— கோவை, பொறியியல் மாணவர்

பதில்: தம்பி, அந்த 44 ஒரு தொழிற்சங்க ஒப்பந்தத்திலிருந்து வந்தது. நீராவி இன்ஜினில் கரி அள்ளிப்போட ஃபயர்மேன் வேண்டும். டீசல் வந்தபோது அந்த ஆளுக்கு என்ன வேலை என்று முதலாளிகள் கேட்டார்கள், வேலையைப் பறிக்காதே என்று சங்கம் சொன்னது. 1937ல் ஒப்பந்தம் ஆனது. இழுக்கும் சக்கரங்களின் மேல் 90,000 பவுண்டுக்குக் குறைவாக எடையுள்ள டீசல் வண்டிக்கு ஃபயர்மேன் தேவையில்லை என்று முடிவானது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. 44 டன் என்றால் 88,000. இன்னொரு டன் சேர்த்தால் கோட்டைத் தொட்டுவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும்படி ஜெனரல் எலக்ட்ரிக் செய்த வண்டி அது. ஒரே ஆளை வைத்து ஓட்டலாம் என்பதால் சின்ன ரயில்வேக்கள் விரும்பி வாங்கின. 1940 முதல் 1956 வரை கட்டினார்கள்.

இரண்டு பெட்டிக்குள்ளும் ஆளுக்கொரு டீசல் இன்ஜின் இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்றொன்றை வைத்து ஷெட்டுக்கு வந்துவிடலாம். நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், முன்னும் பின்னும் ஓயாமல் போய்வரும் வேலைக்கு அதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் உண்டு. போர் முடியும் தறுவாயில் ஜெனரல் எலக்ட்ரிக் வண்டிகள் சில இங்கே வந்தன. அவற்றுக்குக் கொடுத்த பெயர் டபிள்யூ.டி.எஸ்-1. அகலப்பாதையில் டீசல் ஷண்டிங் என்ற வரிசையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், எஸ் ஷண்டிங்.

கேள்வி: எங்கள் ஊர் ஆலை சைடிங்கில் கொடி படர்ந்து ஒரு டீசல் இன்ஜின் கிடக்கிறது. மூன்று ஆக்ஸில்தான். ஆனால் ஸ்டீம் இன்ஜின் மாதிரி சக்கரங்களை ஒன்றோடொன்று கம்பியால் இணைத்திருக்கிறார்கள். ஸ்டீமாக இருந்ததை டீசலாக மாற்றியிருப்பார்களா? ஜெர்மன் இன்ஜின் என்று ஒருவரும், சித்தரஞ்சன் என்று ஒருவரும் சொல்கிறார்கள்.
— சேலம் மாவட்ட வாசகர்

பதில்: ஐயா, மாற்றியது இல்லை, பிறவியிலேயே டீசல். படத்தில் தெரிவதை வைத்துச் சொன்னால் டபிள்யூ.டி.எஸ்-4 குடும்பம். உங்கள் ஊர்க்காரர்கள் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வண்டியைக் கட்டியது மேற்கு வங்கத்தில் இருக்கும் சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் தொழிற்சாலை, உள்ளே இருக்கும் இன்ஜின் ஜெர்மனியின் கீல் நகரத்து மாக் கம்பெனியின் வடிவம், ஆறு சிலிண்டர்.

கம்பி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன ஆல்கோ வண்டிகளில் டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்தக் கரண்டில் ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் மோட்டார் ஓடும். உங்கள் ஊர் வண்டியில் மோட்டாரே கிடையாது. இன்ஜினின் சுழற்சி எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்மிஷன் வழியாக ஒரு குறுக்குத் தண்டுக்கு வருகிறது. அந்தத் தண்டிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவதுதான் அந்தக் கம்பி. மூன்று ஆக்ஸிலும் சேர்ந்தே சுற்றுவதால், மழையில் நனைந்த தண்டவாளத்தில் ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கி வீண்சுற்றுச் சுற்றாது. யார்டு வேலைக்குப் பெரிய வசதி அது.

அந்த டிரான்ஸ்மிஷனைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அதன் பெயர் சூரி டிரான்ஸ்மிஷன். மன் மோகன் சூரி என்ற நம் நாட்டுப் பொறியாளரின் கண்டுபிடிப்பு. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தினால் நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்க நன்றாக இருக்கும், ஆனால் வேகம் எடுத்தபின் சக்தி வீணாகும். இரண்டு நிலைக்கும் ஏற்ற வழியை அவர் கண்டுபிடித்தார். பொறியியலுக்கான பட்நாகர் பரிசு 1962ல் அவருக்குக் கிடைத்தது. நம் ஊர் ஆலைகளின் பின்கட்டில் கொடி படர்ந்து கிடக்கும் வண்டிகளுக்குள் அவர் மூளை இருக்கிறது. அதை எடைக்குப் போடும்போது வயிறு எரிகிறது.

மாடலைத் துல்லியமாக்க இன்னும் கொஞ்சம் தகவல் வேண்டும். சித்தரஞ்சனில் 1960களின் பின்பாதியில் இந்த வரிசையைத் தொடங்கினார்கள். 4ஏ, 4பி, 4டி என்று அடுத்தடுத்து வந்தன, திறன் 600லிருந்து 700 குதிரை வரை. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிப்பது கடினம், தகடுதான் சொல்லவேண்டும். ரயில்வேயில் ஓடிய வண்டியாக இருந்தால் 19 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் டிரைவர் அறையின் பக்கத்தில் இருந்திருக்கும். ஆலைக்கு நேராகவே விற்ற வண்டி என்றால் அந்த எண் இராது.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. 1961ல் மாக் கம்பெனி ஜெர்மனியிலேயே கட்டி அனுப்பிய சில வண்டிகள் டபிள்யூ.டி.எஸ்-3 என்ற பெயரில் இங்கே ஓடின. 1970களில் அவற்றைச் சித்தரஞ்சனில் மாற்றிக் கட்டி 4சி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வண்டியின் அடிச்சட்டத்தில் மாக் தகடும், 1961 என்ற தேதியும் கிடைத்தால் அது அந்தச் சிலவற்றில் ஒன்று, அபூர்வமானது. இன்ஜின் மேல் மட்டும் மாக் பெயர் இருந்தால் அதில் விசேஷம் இல்லை, எல்லா 4க்கும் அப்படித்தான்.

பெங்களூரின் சான் கம்பெனியும் ஆலைகளுக்கென்று டீசல் ஹைட்ராலிக் ஷண்டர்கள் கட்டியிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஆலைக்காரர்களிடம் கேட்டு டிரைவர் அறையின் உள்பக்கம், கதவுக்கு மேலே, அடிச்சட்டத்தின் இரு பக்கம் ஆகிய இடங்களைப் படம் எடுங்கள். யார்டுக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று என்று வேகத்தை மாற்றும் கைப்பிடி உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். கொடியை வெட்டும்போது பாம்பு கவனம். படங்கள் வந்ததும் அடுத்த இதழில் மாடலைச் சொல்கிறேன்.